‘எங்கள் சமூகம்’ என்றால் யார்?

வன்னியில் மீளக்குடியேறிய ஒரு குளத்தடிக் கிராமம். குளக்கட்டைத் திருத்த உதவுவதற்கு ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. அதன் உத்தியோகத்தர் படிவம் ஒன்றுடன் வந்திருந்தார். மருதமர நிழலில் பாய் விரித்து எல்லோரும் அமர்ந்திருந்தோம். படிவத்தின் நாலாவது கேள்விக்கு வந்ததும் கூட்டம் தடைப்பட்டது. ‘பயன்பெறும் சமூகம்’ என்று அச்சிட்டு, பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது.

முன்வரிசையில் இருந்த பெரியவர் தமது சாதியின் பெயரைச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், “அதெல்லாம் இப்ப எழுதக்கூடாது. தமிழ்ச் சமூகம் எண்டு போடுங்கோ” என்றார். கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஓர் இளைஞர்; அவர் ஊரின் பெயரைச் சொன்னார். உத்தியோகத்தர் சிரித்துவிட்டு, தமக்கு இவை ஒன்றும் வேண்டாம், எத்தனை குடும்பம் என்ற கணக்குத்தான் வேண்டும் என்றார். கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். அப்போது பாய்க்கு வெளியே வெறுந்தரையில் இருந்த வயதான அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, “சாமி, அந்தச் சமூகத்துக்குள்ள நாங்களும் வர்றோமா?” என்று கேட்டார்.

அவருடைய குடும்பம் 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தது. அன்று தொடக்கம் அந்தக் குளத்தின் கீழ் மற்றவர்களின் வயல்களில் வேலை செய்தவர்கள். இடப்பெயர்வு வந்தபோது ஊரோடு சேர்ந்து ஓடினார்கள். ஊரோடு சேர்ந்து திரும்பி வந்தார்கள். அவர்கள் பெயரில் வயல் இல்லை. குடியிருக்கும் துண்டுக்குக்கூட அனுமதிப்பத்திரம் இல்லை. ஒரே கேள்விக்குச் சாதி, இனம், ஊர், தொகை என்று நாலு பதில் வந்திருந்தது. அந்த நாலில் எதற்குள் இந்த அம்மா வருகிறார் என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. இந்தப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்து எழுந்தது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சமூகம் என்பது கூட்டம், திரள் என்ற பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. அதனோடு ஓசையால் ஒட்டிய இன்னொரு சொல்லும் நம்மிடம் உண்டு. குறிலில் எழுதும் ‘சமுகம்’ என்பது அது. முகத்துக்கு நேரே நிற்றல் என்ற பொருளுடைய ‘சம்முகம்’ என்பதன் திரிபு. சங்கக் கூட்ட அறிக்கைகளில் ‘சமுகமளித்தோர்’ என்று எழுதுகிறோமே, அது இந்தச் சொல்தான். அந்தக் காலத்து மனுக்களில் ‘துரையவர்கள் சமூகத்துக்கு’ என்று தலைப்பிடுவார்கள். அங்கே சமூகம் என்றால் அதிகாரியின் முன்னிலை. மக்கள் அதற்கு முன்னால் கைகட்டி நிற்பவர்கள். (நமது கந்தோர்களில் இந்தப் பொருள் முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.)

சமுதாயம் என்ற சொல்லுக்கும் ஒரு காணிக் கதை உண்டு. தமிழ்நாட்டின் மிராசு ஊர்களைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய வருமான அதிகாரிகள் எழுதிவைத்த பதிவுகளில், ‘சமுதாயம்’ என்பது நிலத்தை வைத்திருக்கும் ஒரு முறையின் பெயராக வருகிறது. ஊர் நிலம் பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஆளுக்கு இத்தனை பங்கு என்று உண்டு; ஆனால் இது என்னுடைய துண்டு என்று நிரந்தரமாக வேலி அடைத்த வயல் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பங்காளிகள் யார் என்று பார்த்தால் மிராசுதார் குடும்பங்கள் மட்டுமே. அதே நிலத்தை உழுது, நாற்று நட்டு, தண்ணீர் கட்டிய பண்ணையாட்களுக்கு அந்தச் சமுதாயத்தில் பங்கு இருக்கவில்லை. இன்றும் தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் ‘கொம்யூனிற்றி சேர்ட்டிபிக்கேற்’ என்று வழங்கும் பத்திரத்துக்குத் தமிழில் சாதிச் சான்றிதழ் என்றே பெயர். நமது பெரியவர் அன்று சொன்ன பதில், கடல் கடந்தால் அரசாங்கப் பதிலாகிவிடும்.

இலங்கையில் அந்த ஆங்கிலச் சொல் வேறு வழியில் போனது. 1833இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டபோது உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்களுக்கு ஆறு இடம் ஒதுக்கப்பட்டது. ஐரோப்பியருக்கு மூன்று, சிங்களவருக்கும் தமிழருக்கும் பறங்கியருக்கும் ஒவ்வொன்று. 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோர் இடம் சேர்ந்தது. ஆளுநரே ஆட்களை நியமித்தார். ஒரு சமூகத்துக்கு ஒருவர், அவர் சொல்வதே அந்தச் சமூகத்தின் சொல். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்து இந்த இனவாரி முறையை ஒழித்தது. ஆனால் பேச்சுவழக்கு ஒழியவில்லை. தமிழ்ச் சமூகம், முஸ்லிம் சமூகம், சிங்களச் சமூகம் என்று இன்றும் பேசுகிறோம். அப்படிப் பேசும்போது பேசுகிறவர் எந்த ஊர், எந்தத் தொழில், ஆணா பெண்ணா, காணி உள்ளவரா இல்லாதவரா என்று கேட்க நாம் மறந்துபோகிறோம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய காலத்தில் இதை நான் பெரிதாக எண்ணவில்லை. கிராமங்களுக்கு வந்த பிறகுதான் அதன் அருமை விளங்கியது. ‘கொம்’ என்றால் கூட, சேர்ந்து. ‘மூனுஸ்’ என்றால் கடமை, பொறுப்பு. கொடை என்றும் பொருள் உண்டு. ஒருவர் கொடுக்க வேண்டியதும் அவருக்குக் கிடைப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. ‘கொம்யூனிஸ்’ என்றால் கடமையிலும் கொடையிலும் சேர்ந்து பங்குள்ளது. அதற்கு எதிர்ச்சொல் ‘இம்யூனிஸ்’. கடமையிலிருந்து விலக்குப் பெற்றவன். நோய் அண்டாத நிலையைக் குறிக்க மருத்துவர்கள் வழங்கும் ‘இம்யூனிற்றி’ என்ற சொல் இதிலிருந்து வந்ததுதான். வேர்ச்சொல்லை வைத்து வாழ்க்கையை அளந்துவிட முடியாது என்பது உண்மை. ஆயினும் இது நமக்கு ஒரு நல்ல முழக்கோல். இந்தச் சமூகத்தில் யார் சுமக்கிறார்கள், யார் பெறுகிறார்கள் என்று அளந்து பார்க்கலாம்.

கமக்காரருக்கு இது புதிய பாடம் அன்று. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் போனது நல்லதே. ஆனால் குளத்து வேலைக்கு ஆட்களைக் கூப்பிடும் அதிகாரமும் அதோடு தளர்ந்து, பல ஊர்களில் வாய்க்கால்கள் தூர்ந்தன. 1856இல், சேர் ஹென்றி வார்ட் ஆளுநராக இருந்தபோது, நெற்காணி நீர்ப்பாசனத்துக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. கமக்காரர் கூடித் தங்கள் ஊரின் பழைய நீர்ப்பாசன வழக்கங்களை ஏற்று நடைமுறைப்படுத்த அது இடம் கொடுத்தது. 1871இல் வந்த இன்னொரு கட்டளைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கிராமச் சமூகங்கள்’ என்ற சொல் இருந்தது. அதே ஆண்டில் ஹென்றி மெயின் என்ற சட்ட அறிஞர் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள கிராமச் சமூகங்களைப் பற்றித் தமது நூலை வெளியிட்டார். அரசாங்கத்தின் வாயில் இந்தச் சொல் ஏறியது ஏறக்குறைய இப்படித்தான்.

சட்டம் வருவதற்கு முன்பே ஊரில் இருந்தது பங்கு முறை. குளக்கட்டின் நீளத்தை அளந்து, குளத்தின் கீழ் ஒவ்வொருவருக்கும் உள்ள வயலின் அளவுக்கேற்ப ஒரு துண்டைப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்தத் துண்டில் கறையான் புற்று வந்தாலும், மாடு மிதித்துக் கட்டு இறங்கினாலும், மாரிக்கு முன் மண் போட்டு இறுக்குவது அவருடைய பொறுப்பு. பெரிய வயல்காரனுக்கு நீண்ட துண்டு, சிறிய வயல்காரனுக்குச் சிறிய துண்டு. சிங்களக் கிராமங்களிலும் இதற்குப் ‘பங்கு’ என்ற இதே சொல்தான் வழங்குகிறது.

வரட்சிக் காலத்தில் இன்னொரு வழக்கத்தைக் காணலாம். சிங்களத்தில் அதற்குப் ‘பெத்ம’ என்று பெயர். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் குறைவு என்றால் முழு வயலையும் விதைக்க முடியாது. குளத்துக்கு அண்மையில் உள்ள மேல்வயலுக்கு மட்டுமே தண்ணீர் எட்டும். மேல்வயல்காரன் தான் மட்டும் விதைத்து, கீழ்வயல்காரனைப் பட்டினி போடலாம். வழக்கம் அதை விடுவதில்லை. அந்தப் போகத்துக்கு மட்டும் மேல்வயலை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அடுத்த காலபோகத்தில் அவரவர் வயல் அவரவருக்கு. என் வயலில் இன்னொருவன் விதைக்க நான் சம்மதிக்கிறேன். ஏனெனில் குளம் எனக்கு மட்டும் உரியதன்று. சமூகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. படித்தவர்கள் விளக்கம் தராமலும் இல்லை. ஜோர்ஜ் ஹிலரி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1955இல் இச்சொல்லுக்கு எழுதப்பட்ட 94 வரைவிலக்கணங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். மனிதரைப் பற்றியது என்பதைத் தவிர எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று அவற்றில் அகப்படவில்லை.

ஆனால் பங்கு முறையிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பங்கு வயலைப் பொறுத்தது. வயல் இல்லாதவனுக்குப் பங்கு இல்லை. குளக்கட்டில் உண்மையாக மண் சுமந்தவர் யார் என்று பார்த்தால், பல இடங்களில் வயல்காரனுக்காகக் கூலிக்குச் சுமந்த ஆட்களே. சுமையில் இருந்தார்கள், பங்குப் பட்டியலில் இல்லை. மிராசு ஊரின் சமுதாயமும் நமது குளத்தடிச் சமூகமும் இந்த இடத்தில் ஒன்றுபடுகின்றன.

விவிலியத்திலும் இதே பிரச்சினை வருகிறது. திருத்தூதர் பணிகள் நூலின் தொடக்க அதிகாரங்கள், முதல் கிறிஸ்தவர்கள் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தார்கள் என்று சொல்கின்றன. பிரசங்கங்களில் நாங்கள் அதோடு நிறுத்திவிடுவோம். ஆறாம் அதிகாரத்தில் முறைப்பாடு வருகிறது. நாளாந்தப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்பதே அந்த முறைப்பாடு. நிவாரண அட்டைக்கு வரிசையில் நின்ற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே விசுவாசம், ஒரே அப்பம். ஆயினும் பட்டியலில் சிலர் இல்லை. அதற்குத் தீர்வாக ஏழு பேரைத் தெரிவு செய்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். முறைப்பாடு செய்த பக்கத்தின் ஆட்களிடமே பங்கீட்டைக் கொடுத்தார்கள் என்று விளங்கிக்கொள்ள இடமுண்டு. அகப்பையை யார் கையில் கொடுக்கிறோம் என்பது சிறிய காரியமன்று.

இனி இடப்பெயர்வுக்கு வருவோம். நமது நாட்டில் இந்தச் சொல்லைப் போர் புரட்டிப்போட்டது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000 பேர் வரையில் வீடு வாசல், வயல், கால்நடை எல்லாவற்றையும் விட்டுப் போனார்கள். மன்னாரிலும் பிற இடங்களிலும் பக்கத்துப் பக்கத்து வயலில் விதைத்தவர்கள், ஒரே சந்தையில் விற்றவர்கள். அன்று எத்தனையோ தமிழ்க் கமக்காரர்கள் அழுதார்கள் என்பது உண்மை. ஆனால் ‘எங்கள் சமூகம்’ என்ற சொல் அன்றைக்கு அவர்களைத் தனக்குள் வைத்திருக்கவில்லை என்பதும் உண்மை. தமிழ் வாசகர்களாகிய நாம் இதை முகத்துக்கு நேரே சொல்லிப் பழக வேண்டும்.

அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே உதவி நிறுவனங்கள் இரண்டு புதிய பெயர்களைச் சூட்டின: ‘இடம்பெயர்ந்த சமூகம்’, ‘வரவேற்கும் சமூகம்’. ஒரே மதம், ஒரே மொழி. ஆனாலும் கிணறு, பாடசாலை, வேலைவாய்ப்பு என்று வந்தபோது இரண்டு சமூகம். ஆண்டுகள் ஓடின, பிள்ளைகள் அங்கே பிறந்து, படித்து, மணம் முடித்தார்கள். 2009இற்குப் பின் முசலிக்கும் மற்ற இடங்களுக்கும் திரும்பி வந்தவர்களிடம் 1990இல் எத்தனை குடும்பம் என்ற கணக்கைக் கேட்டபோது, ஒரு குடும்பம் மூன்று, நாலு குடும்பமாகப் பெருகியிருந்தது. காணியோ பழைய அளவுதான். சில இடங்களில் காடு மூடிவிட்டது. வலிகாமம் வடக்கிலிருந்து அதே 1990இல் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கணக்குத்தான். முகாமில் பிறந்து முகாமில் மணம் முடித்த மகளுக்கு, பட்டியலின்படி ஊர் எது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது எல்லோரும் ஒரே வீதியில் நடந்தோம். செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் சாதியும் காணியும் யாரும் கேட்கவில்லை. ஆனால் வசதியும் வெளிநாட்டில் உறவும் உள்ளவர்கள் முகாம்களை விட்டு விரைவில் வெளியேறிவிட்டார்கள். ஆண்டுக்கணக்காகத் தங்கியவர்களில் காணியற்றவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர், கூலியாட்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். அக்கம்பக்கத்தார் தங்கள் கிணற்றில் அவர்களை அள்ள விடாத இடங்களும் உண்டு. ஒரே இனம் என்ற பதில் கிணற்றடி வரைக்கும் போவதில்லை.

2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இலட்சக்கணக்கான மக்கள் முட்கம்பிக்குள் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. அந்த நாட்களில் நாம் அதிகம் கேட்ட சொல் ‘சர்வதேச சமூகம்’. அது அரசுகளின் கூட்டம். அதற்குச் சில கடமைகள் ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. நாம் அவற்றைத் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் இன்ன வேலையைச் செய்யத் தவறினாய் என்று கேட்டால் எழுந்து பதில் சொல்ல அதில் ஒருவர் இல்லை. ஊர்ச் சங்கச் செயலாளரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், பிடிக்காவிட்டாலும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

‘சமூக அபிவிருத்தி’ என்ற பெயரும் இப்படித் தூரத்திலிருந்து வந்ததே. 1948இல் கேம்பிரிட்ஜில் ஆபிரிக்க நிருவாகம் பற்றி நடந்த மாநாட்டில், பிரித்தானியக் குடியேற்ற நிருவாகிகள் அதன் ஆங்கில வடிவத்தை ஏற்றார்கள். இந்தியாவில் 1952 ஒக்டோபர் 2ஆம் திகதி 55 திட்டங்களோடு அது அரச வேலைத்திட்டமாயிற்று. கிராமத்தை ஒரே மனம் கொண்ட கூட்டமாக எண்ணிக்கொண்டு விதையும் உரமும் கொடுத்தார்கள். காணியும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கே பலன் அதிகமாகப் போய்ச் சேர்ந்தது என்று பின்னர் பலரும் குறை கூறினர். நமது நாட்டில் 1958இல் கலாநிதி ஆரியரத்ன தமது மாணவர்களோடு முதல் சிரமதான முகாமை நடத்த, சாதியால் ஒதுக்கப்பட்ட கனதொலுவ என்ற கிராமத்தைத் தெரிந்தெடுத்தார். சர்வோதய இயக்கம் அங்கே தொடங்கியது. பிறகு அந்த இயக்கம் எப்படி வளர்ந்தது என்பது வேறு கதை. தொடங்கிய இடம் சரியான இடம் என்று நான் நினைக்கிறேன்: பட்டியலில் இல்லாதவர்களின் முற்றம்.

கல்லோயாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. 1949இல் தொடங்கிய அந்தக் குடியேற்றத் திட்டத்தில் 1956இல் தமிழருக்கு எதிரான வன்செயல் நடந்தது. நீர்ப் பங்கீட்டிலும் அது பேர்போன குழப்பமான இடம். மேல்மடைக்காரர் எடுத்த பிறகு மீதியே கீழ்மடைக்கு. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இடது கரையில் ஒரு முயற்சி செய்தன. இளம் அமைப்பாளர்கள் கமக்காரர் நடுவே போய்க் குடியிருந்தார்கள். யாப்பு எழுதித் தலைவர், செயலாளர் தெரிவு செய்வதோடு அவர்கள் தொடங்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசி, ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து, முதலில் அந்த வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். வேலை நடந்த பிறகுதான் பிரதிநிதி. அதையும் வாக்கெடுப்பில்லாமல், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஆளாகப் பார்த்துத் தெரிந்தார்கள். வாய்க்கால் முறை வைத்துத் தண்ணீர் எடுத்து, மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர்; கடைக்கோடியில் தமிழரும் இருந்தார்கள். 1997 சிறுபோகத்தில், இருக்கும் தண்ணீர் நெல்லுக்குப் போதாது என்று அதிகாரிகள் சொன்ன பிறகும், பங்கிட்டு விதைத்து நல்ல விளைச்சல் எடுத்தார்கள். நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது.

அவர்கள் ஒருவரையொருவர் நேசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. இனப் பிரச்சினையைப் பற்றி ஒத்த கருத்துக்கு வந்தார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. இன்னாருக்கு இன்ன நாளில் தண்ணீர், இன்னாருக்கு இந்த இடத்தில் துப்புரவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொதுவான குளங்களையும் மேய்ச்சல் தரைகளையும் மக்கள் தாங்களே எப்படிப் பேணுகிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் நொபெல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் அம்மையார் வலியுறுத்திய முதல் விதிகளில் ஒன்றும் இதுதான்: பயன்படுத்துவோர் யார் யார் என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும். அதை வாசித்தபோது எனக்கு அந்த அம்மாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. எல்லை வேண்டும் என்பது சரி. கோட்டை எங்கே போடுவது, யார் போடுவது?

மருதமர நிழலுக்குத் திரும்புவோம். அன்று படிவம் நிரப்பப்படவில்லை. உத்தியோகத்தருக்கு முகம் சுருங்கியது. ஒரு கிழமை தவணை தந்தார். அடுத்த கூட்டத்தில் செயலாளர் ஒரு பெரிய கடதாசியைத் தரையில் விரித்து, குளத்தையும் கட்டையும் துருசையும் வாய்க்கால்களையும் கரியால் கீறினார். குளத்தால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டோம். நெல்லுக்குத் தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பெண்கள் பேசத் தொடங்கியதும் கடதாசி நிறைந்தது: குளிக்க, உடுப்புத் தோய்க்க, மாடு ஆட்டுக்கு, மீன், தாமரைக் கிழங்கு. குளம் வற்றினால் வீட்டுக் கிணறும் வற்றுகிறது என்று ஒருவர் சொன்னார்.

பிறகு, கட்டில் யார் மண் போடுகிறார்கள் என்று கேட்டோம். அதில்தான் கூட்டம் அமைதியானது. பங்குப் பட்டியலில் இருந்த வயல்காரர் பலர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். அவர்களின் துண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் மண் சுமப்பவர்கள் இந்த அம்மாவின் மகனும் மருமகளும் அவர்களைப் போன்ற குடும்பங்களும், கூலிக்கு. ஊரில் காலே வைக்காதவர் ‘பயன்பெறும் சமூக’த்தில் இருந்தார், அவருடைய துண்டைச் சுமந்தவர் இல்லை. முன்வரிசைப் பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது பிழைதான்” என்று மட்டும் சொன்னார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களும் தம் விருப்பத்தால் போனவர்கள் அல்லர். அவர்கள் அனுப்பிய காசில் அந்த ஊரின் கூரைகள் பல எழும்பின.

அந்தக் குடும்பங்களைப் பட்டியலில் சேர்த்துப் படிவம் போனது. சங்கத்தில் அங்கத்தவராகவும் பதிந்தார்கள். அப்போது அவர்களில் ஓர் இளைஞர் எழுந்து, அங்கத்தவர் என்றால் இனிச் சிரமதானத்துக்குக் கூலியில்லாமல் வரச்சொல்வீர்கள், தண்ணீர் பாய்ச்ச எங்களுக்கு வயல் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுமையை மட்டும் கொடுத்துக் கொடையைக் கொடுக்காவிட்டால் அது பழைய இராசகாரியமாகிவிடும். வெளிநாட்டில் உள்ள இரு உரிமையாளர்கள், தரிசாகக் கிடக்கும் தங்கள் வயலைச் சிறுபோகத்துக்குக் குத்தகையில்லாமல் விதைக்கச் சம்மதம் எழுதி அனுப்பினார்கள். மற்றவர்களிடமிருந்து பதில் இல்லை. குடியிருப்புத் துண்டுக்கான அனுமதிப்பத்திர விண்ணப்பம் இதை எழுதும் வரையில் கந்தோரில் கோப்பாகவே இருக்கிறது.

குழுக்களில் இந்தப் பாடத்தைப் படிக்கிறவர்கள் அதே கடதாசி வேலையைச் செய்து பாருங்கள். பேனை வேண்டாம், கரி போதும், பிழை விட்டால் அழிக்கலாம். உங்கள் குளத்தையோ பொதுக் கிணற்றையோ முகாமின் தண்ணீர்த் தாங்கியையோ நடுவில் கீறுங்கள். யார் எடுக்கிறார்கள், யார் பேணுகிறார்கள், யாருக்காக இன்னொருவர் கூலிக்குப் பேணுகிறார் என்று பெயர் பெயராக எழுதுங்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு கடதாசி கொடுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு முன் அந்தக் காணியில் இருந்து இன்று அங்கே இல்லாதவர்கள் யார் என்றும் கேளுங்கள். அவர்கள் வேறு மொழி, வேறு மதத்தவராக இருந்தாலும் பெயரை எழுதுங்கள். யாராவது ‘சமூகத்தின் சார்பில்’ கையொப்பம் கேட்டு வந்தால், அந்தக் கடதாசியை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பெயர்களின் சார்பில் என்று கேளுங்கள். பாய்க்கு வெளியே இருப்பவர்களைக் கூட்டம் தொடங்குமுன் பாய்க்கு அழைத்துவிடுங்கள்; பாய் போதாவிட்டால் எல்லோரும் தரையில் இருக்கலாம்.